கோரைக்காகப் போனவள்

என் மகள் ஒரு கோரைக்காக நாட்டை விட்டுப் போனாள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. மாப்பிள்ளை வெள்ளைக்காரனா என்று கேட்கிறார்கள். இல்லை, கோரை என்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எனக்குக் கோரை தெரியாதது இல்லை. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் கீரை விற்கிறேன். ஜோகூர்த் தோட்டத்திலிருந்து லாரி வரும். வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈரமண்ணில் வளர்கிறவை. அறுக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அறுப்பார்கள்போல. கீரையோடு கோரையும் சேர்ந்து வரும். கட்டைப் பிரித்துக் கோரையை உருவிக் காலடிக் கூடையில் போட்டுவிட்டு, மறுபடி சின்னக் கட்டாகக் கட்டுவதுதான் என் காலை வேலை. கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. புல்லின் தண்டு விரலுக்கு உருண்டையாக இருக்கும். கோரைத் தாளுக்கு மூன்று பட்டை. பட்டை தட்டினால் உருவிவிட வேண்டியதுதான். வாங்கினவர் வீட்டில் போய்க் கட்டைப் பிரிக்கும்போது ஒரு கோரை இருந்தால் போதும், அடுத்த வாரம் அந்த ஆள் பக்கத்துக் கடையில் நிற்பார்.

பள்ளி விடுமுறைகளில் அவளும் என்னோடு உட்கார்ந்து உருவியிருக்கிறாள். நான் குப்பையில் போட்டதை அவள் பல்கலைக்கழகத்தில் படித்தாள். பிறகு அதையே வேலையாக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அவள் இருப்பது அமெரிக்காவின் மேற்குப் பக்கம், ஒரு மலைக்காட்டில். அங்கே ஒரு விதமான கல் இருக்கிறது. பச்சை நிறம், வழவழப்பு, பாம்புத் தோல் மாதிரி வரியும் புள்ளியும். சர்பென்டைன் என்று பெயர். போனில் காட்டினாள். கல் அழகுதான். ஆனால் அது உடைந்து மண்ணானால் அந்த மண் எதற்கும் ஆகாதாம். செடிக்கு வேண்டிய சத்து இருக்காது, வேண்டாத உலோகம் நிறைய இருக்கும். எதை ஊன்றினாலும் வெளுத்துக் குட்டையாக நின்றுவிடும். அந்த மண்ணிலும் மலைச்சரிவில் ஊற்று கசிந்து எப்போதும் நனைந்து கிடக்கிற புல்வெளிகள் சில உண்டு. அவற்றில்தான் அவளுடைய கோரை வளர்கிறது. வேறெங்கும் கிடையாதாம். அந்த ஈரத்தில் மண்டி போட்டு அதை எண்ணுவதும் அளப்பதும் விதை சேர்ப்பதும் அவள் வேலை. இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

"அப்படிப்பட்ட மண்ணுல ஏண்டி போய் வளருது? அதுக்கு நல்ல மண்ணு கெடைக்கலையா?" என்று கேட்டேன்.

"நல்ல மண்ணுலயும் வளரும்மா. தொட்டியில வெச்சுப் பாத்தோம், ஜம்முன்னு வருது."

"அப்புறம் என்ன கேடு?"

"வெளியில நல்ல மண்ணுன்னா மத்த புல்லெல்லாம் வந்துடும்மா. இத அமுக்கிடும். இந்த மண்ணுக்கு வேற யாரும் வர மாட்டாங்க. அதனால இது பாட்டுக்கு நிம்மதியா இருக்கு."

"கொழுப்பு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் போனில் கேட்கும்போதெல்லாம் போனை உடைக்கத் தோன்றும். பக்கத்தில் இருந்தால் தோளில் ஒரு அடி வைத்திருப்பேன்.

அவளிடம் நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான். எப்போது வருகிறாய். லீவுக்கு வந்து அறையைக் கலைத்துப் போட்டுவிட்டு ஓடுவதைக் கேட்கவில்லை. திரும்பி வருவதைக் கேட்கிறேன். அவள் அப்பா இறந்த பிறகு செங்காங் வீட்டில் நான் ஒருத்திதான். காலையில் ரயிலேறி லிட்டில் இந்தியாவில் கடை, மத்தியானம் ரயிலேறி வீடு. சமைத்தால் மிஞ்சுகிறது. சமைக்காவிட்டால் அதைக் கேட்க ஆள் இல்லை. கடையில் கூட்டம் ஓய்கிற நேரம் அங்கே முந்தின நாள் மாலை. அப்போதுதான் அவள் கூப்பிடுவாள். அந்த நேரத்தில் யாராவது வந்து பேரம் பேசினால் நான் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது.

ஒரு நாள் மறுபடியும் கேட்டேன். அவள் சலித்துக்கொண்டாள்.

"சிங்கப்பூர்ல எனக்கு என்னம்மா வேல இருக்கு? ஒரு நல்ல கோர இருந்தாச் சொல்லு, அடுத்த ப்ளேன்ல வந்துடறேன்."

நான் சொன்னதைச் செய்கிற ஆள். மற்றவர்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிற ஆள். அன்றிலிருந்து கோரையைத் தேட ஆரம்பித்தேன்.

தேடினால் எங்கே பார்த்தாலும் கோரைதான். வடிகால் ஓரத்தில், அடுக்குமாடி ப்ளாக்குக்குப் பின்னால், பஸ் நிறுத்தத்துத் தொட்டியில். எல்லாம் சாதாரணக் கோரை, நான் தினமும் உருவிப் போடுகிற ஜாதி. போட்டோ எடுத்து அனுப்புவேன். அவள் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்புவாள். பக்கத்துத் தேங்காய்க் கடை அண்ணன், "என்ன தங்கச்சி, வேண்டாம்னு வீசுன சாமானுக்கே போட்டோவா? கோரையிலயும் வியாபாரம் வந்துருச்சா?" என்றார். "உங்க தேங்காய விட நல்லாப் போகும்ணே" என்றேன். அவர் தேங்காய் உடைக்கத் திரும்பிவிட்டார்.

பாலத்தின் மேல் ஓடுகிற எங்கள் எல்ஆர்டி ரயிலின் நிலையத்துக்கும் என் ப்ளாக்குக்கும் நடுவில் ஒரு வெற்றுத் திடல் கிடக்கிறது. அரசாங்க நிலம். ஒரு நாள் ப்ளாக் எழும்பும். இன்னும் எழும்பவில்லை. ஒரு மூலை பள்ளம். மழை பெய்தால் நீர் தேங்கி வாரக்கணக்கில் வடியாது. செருப்பு புதையும் என்று யாரும் அந்தப் பக்கம் நடப்பதில்லை. ஒரு மத்தியானம் அங்கே வல்லாரை படர்ந்திருப்பதைப் பார்த்து, சும்மா கிடக்கிறதே என்று இறங்கினேன். வல்லாரையைக் கிள்ளும்போது விரலில் பட்டை தட்டியது. இழுத்தேன். வழக்கமான பட்டை இல்லை. மெலிசு. ஆனால் தாளின் விளிம்பு ரம்பம் மாதிரி சொரசொரவென்று இருந்தது. இத்தனை வருடம் உருவியிருக்கிறேன், இப்படி ஒன்றைத் தொட்டதில்லை.

ஒரு கைப்பிடி பிடுங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகக் கழுவினேன். வேரை நறுக்கினேன். நுனியில் பழுப்பாகக் கதிர் கதிராகத் தொங்கியதையும் நறுக்கி எறிந்தேன். பூத்த கீரை முற்றல், அதை யாரும் வாங்க மாட்டார்கள். ஒரே அளவாக வெட்டி, வாழை நாரில் கட்டி, தண்ணீர் தெளித்து, பேப்பரில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் கடையில் வைத்து வீடியோவில் காட்டினேன். கட்டு கோயிலுக்குக் கொடுக்கிற அருகம்புல் மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது.

அவள் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"அம்மா. கதிர் எங்க?"

"வெட்டிட்டேன். முத்திப் போச்சு."

"வேரு?"

"மண்ணோடவா காட்டுவாங்க? கழுவி வெட்டிட்டேன்."

"அய்யோ அம்மா. ஒருத்தர் யாருன்னு கேட்டா மூஞ்சியையும் காலையும் வெட்டிட்டுச் சட்டையக் காட்டுறியே."

"நான் கீரக்காரிடி. கீரக்காரி எப்படிக் காட்டுவாளோ அப்படித்தான் காட்டுவேன்."

அவள் சிரித்தாள். ஆனால் தாளின் விளிம்பைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. இனிமேல் ஒன்றையும் பிடுங்காதே, இருக்கிற இடத்திலேயே வைத்துப் படம் எடு என்றாள். அன்று மத்தியானமே போய் எடுத்து அனுப்பினேன். அங்கே நடுராத்திரி. உடனே கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

"இது எங்கம்மா இருக்கு?"

"நம்ம வீட்டுக்குப் பின்னாலடி."

இங்கே இந்த ஜாதி அழிந்துபோய்விட்டதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். ஆனால் உறுதியாகச் சொல்ல விதை வேண்டுமாம். கதிர் கறுத்து உள்ளே விதை பழுக்க வேண்டும், அதன் மேல்தோலில் இருக்கும் வரியைப் பார்க்க வேண்டும். நான் நறுக்கி எறிந்தவைதான் பழுக்க இருந்தவை. மிச்சம் எல்லாம் இப்போதுதான் கதிர் விட்டிருந்தன.

"சில வாரம் ஆகும்மா. அதுவரைக்கும் யாரும் புல் வெட்டாமப் பாத்துக்கறியா?"

பாத்துக்கறியா என்று கேட்டாள். என்னிடம் அவள் எதையாவது கேட்டு எவ்வளவு காலமாயிற்று. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு அவள் அறைக்குப் போய் அலமாரியில் அடுக்கியிருந்த என் சாமான்களை எல்லாம் எடுத்து வெளியே போட்டேன். சிராங்கூன் ரோட்டில் புதுப் படுக்கை விரிப்பு வாங்கினேன். தேங்காய்க் கடை அண்ணனிடம், மகள் வரப்போகிறாள் என்று சொன்னேன். அவர் எப்போது என்று கேட்டார். விதை பழுத்ததும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

புல் வெட்டுகிறவர்கள் வந்த நாளில் நான் திடலிலேயே நின்றேன். நாலைந்து பேர், தோளில் மெஷின், முகத்தில் துணி. என் அருகில் இருந்த பையன் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன்.

"தம்பி, அந்த மூலைய விட்டுடு."

"விட முடியாதுக்கா. சூப்பர்வைசர் போட்டோ எடுப்பாரு. புல்லு நின்னா எங்களத்தான் திட்டுவாரு."

"உங்க சூப்பர்வைசர் எங்க? நான் பேசறேன்."

"அவரு பேச மாட்டாருக்கா. மெசேஜ்தான் அனுப்புவாரு."

அன்றைக்கு மழை வந்து என்னைக் காப்பாற்றியது. மெஷினை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி வருவார்கள். திடலைப் பார்த்துக்கொள்கிற அரசாங்க ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாக என் புகாரைப் பதிவு செய்துகொண்டாள். புகார் இல்லை, கோரிக்கை என்றேன். அதையும் புகாராகப் பதிவு செய்துகொண்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. திடலில் ஒரு கல் கிடந்தது, உடைந்த நடைபாதைக் கல். அதைத் தூக்கிக் கோரைக்கு நடுவில் நட்டேன். மஞ்சள் பூசினேன். குங்குமம் வைத்தேன். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு மஞ்சள் துணி கட்டினேன். செம்பருத்தி ஒன்று வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாமியை இதில் இழுக்கலாமா என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். அவள் அப்பாவைக் காப்பாற்றச் சொல்லி எத்தனையோ கேட்டேன். சாமி எனக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது, அது சாமிக்கே தெரியும்.

அடுத்த முறை வந்தவர்கள் கல்லைச் சுற்றிப் பெரிய வட்டமாக விட்டுவிட்டு மற்றதை வெட்டினார்கள். நான் கேட்டதைவிடப் பெரிய வட்டம். ரயில் மேலே போகும்போது ஜன்னலிலிருந்து அந்த வட்டம் பச்சையாகத் தெரியும். தினமும் அந்தப் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவேன்.

மத்தியானம் கடை மூடி வந்தால் நேராகத் திடல்தான். கதிரைத் தொட்டுப் பார்ப்பேன். பச்சை. மறுநாளும் பச்சை. அவள் இங்கே வந்து மண்டி போட்டால் எந்த இடத்தில் முட்டி நனையாது என்று பார்த்து வைத்தேன். வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், குடை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றுகூட யோசித்தேன். அவள் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. படத்தில் பார்த்திருக்கிறேன், தொப்பி, பெரிய பூட்ஸ், மூக்கில் சேறு. நேரில் பார்க்க வேண்டும். அவள் குனிந்திருக்கும்போது முதுகில் சட்டை ஏறும், அதை இழுத்து விட வேண்டும். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அந்தச் சட்டையை இழுத்து விட்டுக்கொள்ளத் தெரியாது.

சில நாளில் கல்லுக்கு முன்னால் ஊதுபத்தி இருந்தது. நான் வைக்கவில்லை. பிறகு ஆரஞ்சுப் பழம், சீனர்கள் வைக்கிற மாதிரி அடுக்கி. பிறகு சாமந்தி மாலை. ஒரு முதியவர் குந்தி உட்கார்ந்து கல்லிடம் லாட்டரி நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பாகவும் பயமாகவும் இருந்தது. ஆனால் யாரும் கோரையைத் தொடவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் கல்லைச் சுற்றி ஒரு பச்சை இல்லை. மணல் கொட்டிச் சமப்படுத்தி, நடுவில் ஒரு டைல்ஸ் பதித்து, அதன்மேல் கல். பளபளவென்று இருந்தது. என் ப்ளாக்கில் லிஃப்டில் பார்க்கிற ஒரு பெண் துடைப்பத்தோடு நின்றாள்.

"வாங்கக்கா. சாமி எடம் இப்படிப் பொதர் மண்டிக் கெடக்கலாமா? நானும் வீட்டுக்காரரும் வந்து காலையில இருந்து புடுங்கினோம். கை எல்லாம் கிழிச்சிருச்சு, பாருங்க."

கையை நீட்டிக் காட்டினாள். ரம்பம் அறுத்த கோடுகள். என் கோரைதான்.

உன்னை யார் கேட்டார்கள் என்று கத்த வாய்வரை வந்தது. கத்தினால் சாமி நான் நட்ட சாமி என்று சொல்ல வேண்டும். மஞ்சள் பூசிய கையால் என் வாயை நானே அடைத்துக்கொண்டேன்.

"புடுங்குனத எங்க போட்டீங்க?"

"குப்பத் தொட்டியில போட்டோம்க்கா. வண்டி வந்து எடுத்துட்டுப் போயிருச்சு."

"நல்லது" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது. அவளுக்கு மனதில் கெட்டது இல்லை. அதுதான் இன்னும் கோபமாக இருந்தது.

அவள் போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினேன். பள்ளத்தின் அடியில், கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்ற இடத்தில், கொஞ்சம் குத்து மிஞ்சியிருந்தது. அவர்களுக்குக் கால் புதையும் என்று விட்டிருந்தார்கள். கதிர் இருந்தது. அங்கேயே நின்று அழுதேன். மேலே ரயில் போனது. பார்த்தவர்கள் சாமியிடம் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அன்று மாலையே கல்லைத் தூக்கித் திடலின் காய்ந்த பக்கம், மரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்தேன். டைல்ஸையும் பெயர்த்துக் கொண்டுபோனேன். மறுநாள் ஆரஞ்சு அங்கே இருந்தது. சாமி ஏன் இடம் மாறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அறந்தாங்கிப் பையன் மட்டும் கேட்டான்.

"என்னக்கா, சாமி நடந்து போயிருச்சா?"

"ஈரம் ஆகலையாம். சளி புடிச்சுக்கிச்சு."

"மொத வாட்டி நாங்க வரும்போது அந்தக் கல்லே இல்லையேக்கா" என்றான். முகத்துணிக்கு மேல் கண் சிரித்தது. "சரி விடுங்க. பள்ளத்துல தண்ணி, மெஷின் சிக்கிக்கும்னு மெசேஜ் போட்டுக்கறேன்."

கதிர் கறுத்தது. சிராங்கூன் ரோட்டில் எனக்குத் தெரிந்த நகைக் கடையில், ஆசாரி கண்ணில் இடுக்கிக்கொள்கிற சின்ன லென்ஸை இரவல் கேட்டேன். வைரமா என்றார். அதைவிடப் பெரிசு என்றேன். விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்து, லென்ஸைப் போன் கேமராவில் ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்தேன். எத்தனையோ படம் கலங்கலாகி வீணாயிற்று. ஒன்று தெளிவாக விழுந்தது. விதை வெள்ளையாக, மணி மாதிரி, மேலே வலை போட்டது போல வரி. நான் அள்ளி அள்ளிக் குப்பையில் போட்ட ஜாதிக்குள் இப்படி ஒரு அழகு இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவள் சொல்லியிருப்பாள். நான் கேட்டிருக்க மாட்டேன்.

அவள் கத்தினாள். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதேதான் என்றாள். அம்மா, நீதாம்மா கண்டுபிடிச்சே என்றாள். அழுதாள்கூட. நான் மெதுவாகக் கேட்டேன், எப்ப வர்ற. அவள் சத்தத்தில் அது கேட்கவில்லை என்று நினைத்தேன்.

அவள் வரவில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள். அவள் இங்கே யாருக்கோ எழுதியிருக்கிறாள். தொப்பியும் பூட்ஸுமாகச் சின்ன வயதுப் பிள்ளைகள். பள்ளத்தைச் சுற்றிக் கம்பி நட்டு சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டினார்கள். நான் வழக்கம்போல மத்தியானம் போய் உள்ளே கால் வைத்தேன். ஒரு தமிழ்ப் பெண் ஓடி வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும்.

"ஆன்ட்டி, ப்ளீஸ், அந்தப் பக்கம் நில்லுங்க. உள்ள ரேர் ப்ளாண்ட் இருக்கு, மிதிக்கக் கூடாது."

"தெரியும்மா."

"வீட்டுக்கு எடுத்துட்டும் போகக் கூடாது ஆன்ட்டி. ஃபைன் போடுவாங்க."

"தெரியும்மா" என்றேன். அவள் குனிந்தபோது முதுகில் சட்டை ஏறியது. நான் திரும்பி நடந்தேன்.

மறுநாள் கடையில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். நேராகக் கேட்டேன்.

"கோர இருந்தா வர்றேன்னு சொன்னே. கோர இருக்கு. வேலி போட்டு வெச்சிருக்காங்க. எப்ப வர்ற?"

"அம்மா."

"எனக்கு அம்மா கிம்மா வேணாம். தேதி சொல்லு."

"அது சும்மா சொன்னதும்மா. நீ தெனமும் கேப்பியா, அதனால சொன்னது."

தேங்காய் உடைக்கிற சத்தம் நின்றது. அண்ணன் காது இங்கேதான் இருந்தது. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

"நான் சேத்துல நின்னேன்டி. கல்லுக்குக் குங்குமம் வெச்சேன். எதுக்குன்னு நெனச்சே?"

"தெரியும்மா. எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு நாளும் நீ படம் அனுப்புனே இல்ல, அத நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரல."

"அங்க என்னடி இருக்கு? சொல்லு."

அவள் யோசித்துத்தான் சொன்னாள். அவள் பொய் சொல்லும்போது வேகமாகப் பேசுவாள்.

"இங்க யாரும் இல்லம்மா. கல்யாணம் ஏன் பண்ணலன்னு கேக்க ஆள் இல்ல. இது ஒரு வேலையான்னு கேக்க ஆள் இல்ல. லிஃப்டுல ஏறுனா கேள்வி இல்ல. அங்க வந்தா எனக்கு மூச்சு முட்டுது. இங்க காலையில எழுந்து அந்த ஈரத்துல நடந்தா நான் நானா இருக்கேன். எனக்கு அது நல்லா இருக்கு. கோபப்படாத."

"அங்க நானும்தான் இல்ல" என்றேன்.

"அது ஒண்ணுதாம்மா கஷ்டம்" என்றாள்.

நான் கோபப்பட்டேன். ஏன் படக்கூடாது? லிஃப்டில் கேள்வி கேட்கிறவர்கள் மேல் கோபம். கேட்டால் என்ன, பதில் சொல்லாமல் இறங்கிப் போகத் தெரியாதா என்று அவள் மேலும் கோபம். பல வருடம் அதே கேள்விகளைக் கூடவே நின்று நானும் கேட்டிருக்கிறேனா என்று நினைத்துப் பார்த்தேன். இல்லை. நான் கேட்டதெல்லாம் எப்போது வருகிறாய் என்பது ஒன்றுதான். அதுவும் அவளுக்கு மூச்சு முட்டுகிற கணக்கில் சேர்ந்துவிட்டது என்றால் நான் என்ன செய்ய முடியும்.

விரிப்பை மடித்து வைத்துவிட்டேன். அறையைக் காலியாகவே விட்டிருக்கிறேன். அண்ணன் மறுபடி கேட்கவில்லை. ஒரு தேங்காயைச் சும்மா கொடுத்தார், எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு சிராங்கூன் ரோட்டில் விளக்கு போட்டுவிட்டார்கள். கூட்டத்தில் நடக்க முடியவில்லை. பெண்பிள்ளைகளோடு வருகிற அம்மாக்கள் கீரை வாங்கும்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் பேசுகிறேன். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்.

அவள் இப்போது முன்பைவிட அதிகமாகக் கூப்பிடுகிறாள். நான் எப்போது வருகிறாய் என்று கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது மாதிரி. அதற்குப் பதில் வேறு கேட்கிறேன். உன் கோரை பூத்ததா, இந்த வருடம் ஊற்று கசிகிறதா, மானோ மாடோ மிதித்துவிட்டதா. முதலில் பேச்சுக்காகக் கேட்டேன். இப்போது பதில் தெரியாவிட்டால் எனக்கே தூக்கம் வருவதில்லை. நேற்று அவள் புல்வெளியிலிருந்தே கூப்பிட்டாள். போனைக் கீழே, கோரைக்கு நடுவில் வைத்துவிட்டு வேலை செய்தாள். எனக்கு வானமும் தாள்களும் அவள் பூட்ஸும்தான் தெரிந்தன. ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள், வாய்க்குள். நான் கடையில் உட்கார்ந்து வல்லாரையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இருக்கியா?" என்றாள் ஒரு தரம்.

"இருக்கேன். எண்ணு."